மூன்று மணி நேரக் கோழிக்கு என்ன விலை?

முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல்லில் நூல் கோழிக்கும் இடம் உண்டு. இதற்குத் தீவனம் வேண்டாம், தடுப்பூசி வேண்டாம். ஒரு குரோஷா ஊசி, நூல், உள்ளே திணிக்கப் பஞ்சு ஆகியவை போதும். ஆடு மேய்க்கப் போகும்போதும் பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். ஜப்பானில் 'அமிகுருமி' என்ற பெயரில் பரவிய இந்தப் பின்னல் பொம்மைகளை இப்போது நம் ஊர்ப் பெண்களும் செல்போன் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

கோழியின் உடம்பு என்பது ஒரு முட்டை வடிவம்தான். முதலில் ஒரு வளையத்தில் 6 கண்ணிகள் போட வேண்டும். அடுத்தடுத்த சுற்றுகளில் ஆறு ஆறாகக் கூட்டி 12, 18, 24, 30 என்று கொண்டுபோக வேண்டும். பிறகு கூட்டாமல் எட்டுச் சுற்று. அதன் பின் 24, 18, 12, 6 என்று குறைத்து முடிக்க வேண்டும். வாய் மூடுவதற்குள் பஞ்சைத் திணித்துவிட வேண்டும். மொத்தம் 390 கண்ணிகள். இறக்கைக்கு 18 கண்ணியில் நின்ற இரண்டு வட்டங்களை மடித்துத் தைத்தால் போதும். கொண்டைக்குச் சிவப்பு, மூக்குக்கு மஞ்சள் நூல். கறுப்பு நூலில் செய்து, வால் நீண்டு இரண்டாகப் பிரிந்தால் அது கரிச்சான். வயலில் பறவைத் தாங்கி நட்டு நாம் வரவழைக்கும் அந்தப் பறவையின் பெயர் நகரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பொம்மையோடு பெயர்ச் சீட்டும் கட்டி விற்பது நல்லது.

சேலம் பக்கத்து நூற்பாலைக் கோன் நூல் தறிக்கானது, மெல்லியது. பல இழைகளைச் சேர்த்து முறுக்கினால்தான் குரோஷாவுக்கு நிற்கும். பழகும் வரை நான்கு இழை நூலும் 3 மில்லிமீட்டர் ஊசியும் போதும். பின்னல் இறுக்கமாக இல்லாவிட்டால் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். பருத்திப் பஞ்சு துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். இலவம் பஞ்சு கண்ணி வழியே தூசியாக உதிரும். அதைத் திணிப்பதானால் உள்ளே துணிப்பை தைத்தாக வேண்டும். பாலியஸ்டர் பஞ்சில் இந்தத் தொல்லை இல்லை. கைக்குழந்தைக்கான பொம்மையில் பாசி, பொத்தான் கண் கூடவே கூடாது. பிய்ந்தால் தொண்டையில் சிக்கும். கண்ணை நூலாலேயே தைத்துவிட வேண்டும்.

இதெல்லாம் பத்து நாளில் கைக்கு வந்துவிடும். விலை சொல்வதில்தான் நம் பெண்கள் தோற்கிறார்கள்.

ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாபூர், குரோஷா லேசுக்குப் புகழ்பெற்ற ஊர். 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் கற்றுக்கொடுத்த தொழில். 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஜெர்மனியைச் சேர்ந்த மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். லேஸ் கடல் கடந்து போனது, வியாபாரிகள் செழித்தார்கள், பின்னிய பெண்களுக்கோ வயல் கூலிகூடக் கிடைக்கவில்லை என்பதே அவர் கண்டது. 'வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே' என்ற ஒரு பேச்சை வைத்தே அவர்கள் உழைப்பு மதிப்பில்லாமல் போனது.

அந்தப் பேச்சு நம் ஊரிலும் உண்டு. ஆகவே ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024-25ஆம் ஆண்டுக் கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்குச் சுமார் 40 ரூபாய். உடம்பு, இறக்கை, கண், தைப்பு எல்லாம் சேர்த்து ஒரு கோழிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கூலி மட்டும் 120 ரூபாய். நூலும் பஞ்சும் 40 ரூபாய் என்றால் அடக்கம் 160. வியாபாரி 75 ரூபாய்க்குக் கேட்டால், பின்னியவருக்கு மணிக்கு 12 ரூபாய்கூடத் தேறாது. அதற்குக் களை எடுக்கப் போகலாம். குரோஷாவைப் பின்னும் இயந்திரம் இல்லை, வெளிநாட்டுப் பொம்மையும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான் என்பதைத் தைரியமாகச் சொல்லி விலை கேட்க வேண்டும்.

ஆளுக்கொரு பக்கம் விற்பதைவிடக் குழுவாகச் சேர்வது மேல். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷா குயின்ஸ்' பெண்கள், 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல வீடுகளில் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளைச் சேர்த்ததுதான் அது. நமக்குச் சாதனை வேண்டாம். ஒரே அளவு, ஒரே தரம், ஒரே விலை என்ற கட்டுப்பாடு இருந்தால் போதும்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. எனவே விற்பனையில் இறங்கும் முன் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சுய உதவிக்குழுவினர் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரித்தால் கண்காட்சி அரங்குகள் பற்றியும் தெரிந்துகொள்ளலாம். ஏற்காடு கோடை விழாவுக்கும், ஆடியில் நடக்கும் கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுக்கும் கூட்டம் வரும். அதற்கு மூன்று மாதம் முன்பே பின்னத் தொடங்கினால்தான் கடை பரப்பச் சரக்கு இருக்கும்.