கார்த்திகையில் வெள்ளம், சித்திரையில் காலிக்குடம்

2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழை அது. தென்பெண்ணை கரைபுரண்டது; வீடுகளும் வயல்களும் மூழ்கின.

இதே மாவட்டத்தில்தான், கோடை முற்றினால் குடிநீருக்குத் தட்டுப்பாடு வருகிறது. கெடார் முதல் திண்டிவனம் வரை, இந்த வட்டாரத்துக் குடிநீருக்குப் பெரிய ஆதாரம் நிலத்தடி நீர். போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கினால், மேல்நிலைத் தொட்டி நிறையத் தாமதமாகும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறையும். அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்காரர் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால், தெருக்கோடி வீட்டுக்குக் காற்றுதான் வரும். எனவே கோடைக்காலத் தண்ணீர்க் கட்டுப்பாடு முதலில் கேட்பது இதைத்தான்: குழாயில் மோட்டார் வைக்காதீர்கள்.

தண்ணீர் வற்றினால் ஒரு பெருநகரம் என்ன ஆகும் என்பதைச் சென்னை 2019-இல் காட்டியது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த குடிநீர் விநியோகம் 52.5 கோடியாகக் குறைந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வேறு வழியில் தப்பித்தது. 2018 பிப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று வரம்பு கட்டியது. மக்கள் சிக்கனம் பிடித்ததும் கைகொடுத்ததால், குழாய்களை அடைக்கும் நாள் வரவேயில்லை.

நம் கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவும் அதையொட்டியதே: ஆளுக்கு 55 லிட்டர். நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 220 லிட்டர். பழைய பிளஷ் தொட்டி ஒருமுறைக்கே பத்து லிட்டர் வரை கொட்டிவிடும். ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் குடிநீர் தர, இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் கழிவுநீரைப் பிடித்துவைத்தால் கழிவறைக்கும் தரை துடைக்கவும் ஆகும். ஷவரை மூடிவிட்டு ஒரு வாளியில் குளிப்பதும், பாத்திரத்தைக் குழாயடியில் பிடிக்காமல் அன்னக்கூடையில் அலசுவதும் அன்றாடம் பல குடங்களை மிச்சப்படுத்தும்.

மிச்சம் பிடிப்பது பாதி வேலை, சேர்த்துவைப்பது மறுபாதி. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 50 செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 46,000 லிட்டர். வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், மீதி நால்வர் குடும்பத்துக்கு ஐந்து மாதத்துக்கு மேல் வரும். அத்தனையையும் வீட்டுத் தொட்டியில் தேக்க முடியாது, மண்ணுக்குள் இறக்கலாம். 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டிடங்களுக்குக் கட்டாயமாக்கியபோது நோக்கம் அதுதான். அன்று போட்ட குழிகள் பல இன்று சேறும் சருகும் அடைத்துக் கிடக்கின்றன.

புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டுங்கள். குழாய் அடைப்பை எடுங்கள். குழியில் உள்ள பழைய மணலையும் ஜல்லியையும் மாற்றுங்கள். ஐப்பசி மழை அதற்கெல்லாம் காத்திருக்காது.