பாலிவுட் இசைக்குப் பனித்தளத்தில் ஆடிய வீரர் இன்று பயிற்சியாளர்: 'ஐஸ் டான்ஸ்' கலை கைமாறுவது எப்படி?

பெங்களூரு: பெங்களூருவில் ஸ்கேட்டிங் என்றதும் பெரும்பாலானோர் நினைவுக்கு வருவது சக்கரக் காலணிகளே. ஆனால், 2010ஆம் ஆண்டு வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில், 'தேவதாஸ்' உள்ளிட்ட இந்தித் திரைப்படப் பாடல்களுக்குப் பனித்தளத்தில் நடனமாடி உலகின் கவனத்தை ஈர்த்தது அமெரிக்காவின் மெரில் டேவிஸ் - சார்லி வைட் ஜோடி. இந்திய நடன ஆசிரியரிடம் முறையாகப் பயின்ற பின்னரே அவர்கள் அந்த நடனத்தை அரங்கேற்றினர். அப்போட்டியில் வெள்ளி வென்ற இந்த ஜோடி, 2014ஆம் ஆண்டு சோச்சியில் தங்கம் வென்றது. ஐஸ் டான்ஸில் அமெரிக்கா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே.

ஐஸ் டான்ஸ் என்றால் என்ன?

1976 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ள இப்போட்டியில் ஓர் ஆணும் பெண்ணும் இணைந்து ஆடுவர். ஜோடி ஸ்கேட்டிங்கில் உள்ளதைப் போல, துணையைக் காற்றில் வீசுவதற்கோ தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பதற்கோ இதில் அனுமதி இல்லை. காலணிக் கத்தியின் விளிம்பை எவ்வளவு ஆழமாகச் சாய்க்கின்றனர், இருவரும் எவ்வளவு நெருங்கி, தாளம் தவறாமல் நகர்கின்றனர் என்பவையே முக்கியமாக மதிப்பிடப்படுகின்றன.

பயிற்சிக்கூடமே பலம்

இந்த நுணுக்கங்களைக் காணொலியைப் பார்த்து மட்டும் கற்றுவிட முடியாது. அனுபவம் வாய்ந்தவர் உடன் சறுக்கி, பிழையை அவ்வப்போதே திருத்த வேண்டும். ஒலிம்பிக் முடிவுகளும் இதை உணர்த்துகின்றன. 2010, 2014 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தங்கமும் வெள்ளியும் வென்ற ஜோடிகள், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஒரே இடத்தில் பயின்றவை. 2018இல் முதலிரண்டு இடங்களைப் பிடித்த ஜோடிகளோ கனடாவின் மான்ட்ரியலில் பயின்றவை. அங்கு பயிற்சியளித்த மேரி பிரான்ஸ் துப்ரே, பாட்ரிஸ் லோசோன் தம்பதியும் 2006, 2007 உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் வெள்ளி வென்ற முன்னாள் ஐஸ் டான்ஸ் ஜோடியே.

களத்தில் எதிரெதிரே நின்றவர்களும் அதே வழியில் சென்றுள்ளனர். சார்லி வைட், தனது மனைவியும் 2006 ஒலிம்பிக் வெள்ளி வீராங்கனையுமான டானித் பெல்பின் உள்ளிட்டோருடன் இணைந்து, 2022இல் மிச்சிகனில் பயிற்சி மையம் தொடங்கினார். அவரது நீண்டகாலப் போட்டியாளரான கனடாவின் ஸ்காட் மொயரும் தற்போது பயிற்சியாளரே.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் பனித்தளங்கள் மிகக் குறைவு. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக டேராடூனில் அமைக்கப்பட்ட தளம், பல ஆண்டுகள் மூடிக்கிடந்த பின் 2025இல்தான் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. மகளிர் ஒற்றையர் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இந்தியாவுக்காகக் களமிறங்கும் தாரா பிரசாத், அமெரிக்காவில்தான் பயிற்சி பெற்று வருகிறார். தளங்களை அமைப்பதுடன், அங்கு கற்றுத்தரும் அனுபவசாலிகளை உருவாக்கினால்தான் இந்திய இளைஞர்கள் வெளிநாடு செல்லாமலேயே இக்கலையைப் பயில முடியும்.