சிறு குன்றுகளில் பனிச்சறுக்கு

பனி என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது, வைகறையில் இரப்பர் மரங்களுக்கிடையே படர்ந்து நிற்கும் மூடுபனியே ஆகும். குளிர் நாடுகளில் பெய்யும் உறைபனியோ வேறு. அது பஞ்சுபோல் இறங்கித் தரையில் படிந்து, முழங்கால் அளவுக்கும் அதற்கு மேலும் குவிந்து, வாரக்கணக்கில் கரையாமல் கிடக்கும். அத்தகைய பனியின்மீது, இரு கால்களிலும் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டையே பனிச்சறுக்கு என்கிறோம். அப்பலகைக்கு வழங்கும் ‘ஸ்கீ’ என்னும் பெயர், பிளந்த மரத்துண்டு எனப் பொருள்படும் பழைய நார்வே நாட்டுச் சொல்லிலிருந்து வந்ததாகும். விளையாட்டாக மாறுவதற்கு நெடுங்காலம் முன்பே, வடபுலத்து மக்கள் பனிக்காலத்தில் வேட்டைக்கும் பயணத்துக்கும் அதனைப் பயன்படுத்தி வந்தனர்.

திரைப்படங்களிலும் நாட்காட்டிகளிலும் நாம் காணும் பனிச்சறுக்குக் காட்சிகள் பெரும்பாலும் ஆல்ப்ஸ் போன்ற பெருமலைகளில் எடுக்கப்பட்டவை. அவற்றைக் கண்டு, இது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். பெருமலைகளைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் தவறன்று. அமெரிக்காவின் பெரிய பனிமலைகள் சிலவற்றில் ஒரு நாள் அனுமதிச் சீட்டின் விலையே 200 டாலரைத் தாண்டுகிறது. ஆயினும் அதே நாட்டில், வீட்டுக்குப் பின்னும் மேய்ச்சல் நிலத்திலும் பள்ளிக்கூடத்துக்கு அருகிலும் அமைந்த சிறு குன்றுகள் பல உள்ளன. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பனிச்சறுக்கு கற்பது அங்கேதான். நாம் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புவதும் அக்குன்றுகளின் அழகையே.

சறுக்கி இறங்குவது எளிது. மீண்டும் மேலே ஏறுவதே கடினம். முற்காலத்தில், இறங்கியவர் பலகைகளைத் தோளில் சுமந்தோ, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்தோ குன்றின்மீது ஏற வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் இறங்கிய தொலைவை ஏறுவதற்குக் கால்மணி நேரம் ஆகும். இந்தத் துன்பத்துக்கு ஒரு வழி பிறந்தது. 1934 சனவரியில், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து உட்ஸ்டாக் என்னும் ஊரில், ஓர் உழவரின் மேய்ச்சல் சரிவில், ஃபோர்டு மாடல் டி மோட்டார் வண்டியின் இயந்திரத்தைக் கொண்டு நீண்ட கயிறொன்றை ஓடச் செய்தனர். கனடாவில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே இம்முறை தோன்றியிருந்தது. அமெரிக்காவில் இதுவே முதலாவது.

கயிற்றின் இரு முனைகளையும் இணைத்து, குன்றின் அடியிலும் உச்சியிலும் உள்ள சக்கரங்களின்மீது அதனை மாட்டுவர். இயந்திரம் அடிச்சக்கரத்தைச் சுழற்றக் கயிறு ஓயாமல் ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கும். பிள்ளைகள் பலகைகளை நேராக வைத்து நின்று, ஓடும் கயிற்றைக் கையுறையணிந்த கைகளால் பற்றிக்கொண்டால், அது அவர்களை உச்சிக்கு இழுத்துச் செல்லும். சட்டென்று இறுகப் பிடித்தால் குப்புற விழ நேரும். மெல்லத் தொட்டு, கயிறு கைக்குள் சற்றே வழுக்க இடந்தந்து, பின்னர் படிப்படியாகப் பிடியை இறுக்க வேண்டும். நல்ல கையுறையும் சில வாரங்களில் தேய்ந்து கிழிந்துவிடும் என்பது தாய்மார்களின் கவலை!

அதே வெர்மாண்ட் மாநிலத்தில் ரிச்மண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு மிக்கி காக்ரன், ஜின்னி காக்ரன் என்னும் தம்பதியர் பண்ணை நிலம் ஒன்றை வாங்கி, 1961-ஆம் ஆண்டில் வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில் கயிற்றிழுவை ஒன்றை அமைத்தனர். தம் மக்கள் நால்வரும் நாள்தோறும் பயிலவேண்டும் என்பதே அவர்கள் கருத்து. ஆனால் சரிவைக் கண்டதும் அண்டை அயலாரின் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். ஜின்னி அம்மையார் அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். குளிரில் விறைத்த பிள்ளைகள் அவ்வீட்டுச் சமையலறையிலேயே உடல் காய்ந்தனர்.

அக்குன்றின் உயரம் ஏறத்தாழ 350 அடியே. பத்துமலையில் 2006-இல் எழுந்த முருகன் சிலை 140 அடி. அதைப்போல் இரண்டரை மடங்கு என்று கொள்ளலாம். இச்சிறு குன்றில் பயின்ற காக்ரன் மக்கள் நால்வரும் அமெரிக்க நாட்டு அணியில் இடம்பெற்றனர். அவர்களுள் பார்பரா ஆன், 1972-இல் சப்பானின் சப்போரோ நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில், வளைந்து வளைந்து இறங்கும் சுலாலம் போட்டியில் தங்கப்பதக்கம் வென்றார். இரண்டாம் இடம் பெற்றவருக்கும் அவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு நொடியில் நூற்றில் இரண்டு பங்குதான்! சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவருடைய தங்கையின் மகன் ரயன் காக்ரன்-சீகிள் வெள்ளிப்பதக்கம் பெற்றார். காக்ரன் குன்று பிற்காலத்தில் இலாபநோக்கற்ற அமைப்பாக்கப்பட்டது. பணமில்லை என்னும் காரணத்தால் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அதன் கொள்கை.

சிறிய குன்றில் இத்துணைத் திறமை வளர்வது எங்ஙனம் என்று கேட்கத் தோன்றும். மின்னசோட்டா மாநிலத்துப் பக் ஹில் குன்று இதற்கு விடை தருகிறது. அதன் உயரமும் முந்நூறு அடியை ஒட்டியதே. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் மிகு விரைவுப் போட்டியில் தங்கம் வென்ற லின்ட்சி வான் சிறுமியாகப் பயின்ற இடம் இதுவே. எரிக் சைலர் என்னும் ஆசிரியர் அங்கு அவருக்குப் பயிற்சியளித்தார். பெருமலையில் ஒருமுறை இறங்கி ஏறுவதற்கே நெடுநேரம் செல்லும். சிறு குன்றிலோ இறங்கியவுடன் கயிற்றைப் பிடிக்கலாம். பள்ளி விட்டதும் வந்து, மின்விளக்கொளியில், ஒரே மாலையில் அதே வளைவுகளை எத்தனையோ முறை திரும்பத் திரும்பச் செய்யலாம். வாய்ப்பாட்டை மனனம் செய்வதுபோல உடல் அதனைக் கற்றுக்கொள்கிறது.

பதக்கங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும் குன்றின் இனிமை குறைவதில்லை. அடிவாரத்தில் நிற்கும் தாய் தன் பிள்ளையை உச்சி முதல் கீழ்வரை கண்ணால் பின்தொடரலாம். அண்ணனுக்குச் சிறிதான பலகை தம்பிக்கு வந்துசேரும். வயது முதிர்ந்தவரும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே கயிற்றைப் பிடித்து ஏறுவர். விழுந்தவரைத் தூக்கிவிடுபவர் பெரும்பாலும் பெயர் தெரிந்தவராகவே இருப்பார்.

ஆனால் இக்குன்றுகள் பல மறைந்துவிட்டன. நியூ இங்கிலாந்துப் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கானவை மூடப்பட்டன. சரிவுகளில் மரங்கள் வளர்ந்து, துருப்பிடித்த சக்கரங்கள் புதர்களுக்குள் கிடக்கின்றன. நல்ல சாலைகள் வந்தபின் மக்கள் தொலைவிலுள்ள பெருமலைகளை நாடினர். விபத்துக் காப்புறுதிக் கட்டணமும் ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்காலம் வெப்பமடைந்து பனி குறைகிறது. நீரையும் அழுத்தக் காற்றையும் குளிர்ந்த வெளியில் பீய்ச்சிச் செயற்கைப் பனி உண்டாக்கும் பொறிகள் உள்ளன எனினும், அவற்றை வாங்கி இயக்கும் பொருள்வளம் சிற்றூர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

அவ்வாறிருந்தும் சில ஊரார் விடாது காத்து வருகின்றனர். வெர்மாண்டின் கிழக்குக் கொரிந்த் என்னும் ஊரில், 1936-இல் தொடங்கிய நார்த் ஈஸ்ட் ஸ்லோப்ஸ் குன்றினை ஊர்மக்களே ஊதியமின்றி நடத்தி வருகின்றனர். சீட்டு விற்பவரும் கயிற்றைப் பழுதுபார்ப்பவரும் அவ்வூர்ப் பெற்றோரும் பெரியோருமே. போதிய பனி விழுந்துவிட்டால், வார இறுதியில் ஒருவர் சென்று இயந்திரத்தை முடுக்கிவிடுகிறார். பிள்ளைகள் கையுறைகளை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கின்றனர்.