கம்பெனிக்காக நீதிமன்றத்தில் நிற்பவர் யார்?

நம் குடும்பங்களில் பலர் கடையைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றியிருக்கிறார்கள். கொடுத்த சரக்குக்கு வாங்கிய காசோலை திரும்பினால், "வாப்பாவின் கம்பெனிதானே" என்று மகன் தன் பெயரில் வழக்குப் போடுகிறார். அங்கேதான் சிக்கல். சட்டத்தின் பார்வையில் கம்பெனி தனி நபர். புகாரும் கம்பெனியின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 29, விதி 1-இன்படி செயலாளர், இயக்குநர் அல்லது விவரமறிந்த முதன்மை அலுவலர் மனுவில் கையெழுத்திடலாம். ஆனால் கையெழுத்திடுவது வேறு, வழக்குத் தொடுக்க முடிவெடுப்பது வேறு. ஆகவே இயக்குநர் குழுவின் தீர்மானம் பெறுவதே பாதுகாப்பு. விடுபட்ட அதிகாரத்தைப் பின்னர் ஒப்புதல் தந்து சரிசெய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் யுனைடெட் பாங்க் வழக்கில் கூறியது. அதை நம்பி அலட்சியமாக இருந்தால் காலமும் பணமும்தான் வீண்.

மார்க்கத்தில் இது வகாலத். நீதிமன்றத்தின் 'வக்காலத்து'ம் அதே அரபிச் சொல்தான். அலீ (ரலி) அவர்கள் தம் வழக்குகளில் பேச அண்ணன் அகீல் (ரலி) அவர்களை வகீலாக்கியதை ஃபிக்ஹ் நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. வகீலின் பொறுப்பு அமானிதம். ஒப்படைத்த எல்லையை அவர் தாண்டக் கூடாது. சமாதானம் பேச அவருக்கு அதிகாரம் உண்டா என்பதையும் தீர்மானத்தில் எழுதுவோம். கடனையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுத்தில் இருந்தால் சகோதரர்களுக்குள் சந்தேகம் நுழையாது, இன்ஷா அல்லாஹ்.