இறைவணக்கமும் மாணவர் உரிமையும்

இந்தியப் பள்ளிகள் பலவற்றில் ஒவ்வொரு நாளும் காலைக் கூட்டத்தோடு தொடங்குகிறது. இறைவணக்கம், உறுதிமொழி, நாட்டுப்பண் ஆகியன அக்கூட்டத்தில் இடம்பெறுகின்றன. பல மாநிலத்தார், பல மொழியினர், பல சமயத்தார் வீட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கின்றனர். கடவுள் நம்பிக்கையற்ற இல்லத்துப் பிள்ளைகளும் அவர்களிடையே உண்டு. ஒரு மாணவரின் மனம் அவ்வழிபாட்டிற்கு ஒப்பவில்லையெனில், அவரைக் கட்டாயப்படுத்தலாமா? இவ்வினாவிற்கு நம் அரசமைப்புச் சட்டம் விடை கூறுகிறது.

சட்டத்தின் 25ஆம் பிரிவு அனைவருக்கும் மனச்சான்றுச் சுதந்திரத்தை வழங்குகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றிற்கு உட்பட்டு, ஒருவர் தாம் விரும்பும் சமயத்தை ஏற்கலாம், பின்பற்றலாம், பரப்பலாம். இவ்வுரிமை மாணவர்க்கும் உரியது. தேர்வு எழுதுமுன் கண்களை மூடி மனத்திற்குள் வேண்டிக்கொள்ளும் மாணவரைத் தடுக்க எவருக்கும் காரணமில்லை.

28ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களைப் பற்றியது. முழுவதும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை செய்தல் கூடாது. அரசின் ஏற்பு அல்லது நிதியுதவி பெற்ற நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய ஒப்புதலின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்தல் ஆகாது. உரிய வயது நிரம்பாத பிள்ளையாயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும்.

சமயப் போதனை வேறு. சமயங்களைப் பற்றிக் கற்பது வேறு. இவ்வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் ஏற்றுக்கொண்டது. தமிழ் வகுப்பில் தேவாரத்தையும் தேம்பாவணியையும் சீறாப்புராணத்தையும் பயிலும் மாணவர் இலக்கியம் கற்கிறார். அச்சமயங்களைத் தழுவுமாறு எவரும் அவரைக் கேட்பதில்லை.

மனச்சான்றுச் சுதந்திரத்தின் பொருளைக் கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கு நன்கு விளக்குகிறது. அவ்வழக்கு நாட்டுப்பண்ணைப் பற்றியது. ஒரு பள்ளியில் பயின்ற மூன்று உடன்பிறப்புகள் நாட்டுப்பண் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நிற்பர், ஆனால் பாடமாட்டார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவினர். கடவுளை நோக்கிய வேண்டுதலைத் தவிர வேறெந்தச் சடங்கிலும் பங்கேற்பதைத் தங்கள் நம்பிக்கை ஏற்காது என்று அவர்கள் கூறினர். 1985ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் இதுபற்றி வினா எழுந்தது. விசாரணைக் குழுவோ, அப்பிள்ளைகள் சட்டத்தை மதித்து நடப்பவர்கள் என்றே தெரிவித்தது. எனினும், அவ்வாண்டு ஜூலையில் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். மூவரில் மூத்தவர் அப்போது பத்தாம் வகுப்பு மாணவர்.

உயர் நீதிமன்றம் அவர்களுடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி தீர்ப்பை வழங்கினார். நாட்டுப்பண்ணைப் பாடியே ஆக வேண்டும் என்று கூறும் சட்டம் எதுவும் இல்லை; மரியாதையுடன் எழுந்து நிற்பவர் அதனை அவமதித்தவர் ஆகார் என்று நீதிமன்றம் கூறியது. ஒருவரது நம்பிக்கை பிறர் அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறதா என்பது கேள்வியன்று. அவர் அதனை உண்மையாகக் கொண்டிருக்கிறாரா என்பதே கேள்வி என்றும் விளக்கியது. மூவரையும் மீண்டும் சேர்த்து, தடையின்றிப் படிக்க விடுமாறு ஆணையிட்டது.

இத்தீர்ப்பு மாணவர்க்கு ஒரு கடமையையும் உணர்த்துகிறது. அம்மூவரும் பாடியவர்களுக்கு இடையூறு செய்யவில்லை, கேலி செய்யவில்லை, வரிசையை விட்டு விலகவும் இல்லை. வழிபட விரும்புவோரைத் தடுப்பதும், விரும்பாதோரை வற்புறுத்துவதும் ஒரே வகையான தவறுகளே. வகுப்பில் நாற்பது பேர் ஒரு நம்பிக்கையினராகவும் ஒருவர் மட்டும் வேறு நம்பிக்கையினராகவும் இருக்கலாம். அந்த ஒருவருக்காகவே இவ்வுரிமை எழுதி வைக்கப்பட்டுள்ளது.