ஒரே இசுசு, இரண்டு வண்டிகள்

சென்னை பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி வழியாக மேற்கே போகும் சி.டி.எச். சாலை திருவள்ளூரைத் தொடுகிறது. அங்கிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் ஜப்பானின் இசுசு நிறுவனம் சில ஆண்டுகள் தன் டி-மேக்ஸ் பிக்கப்பைத் தயாரித்தது. 2016-இல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்ததும் தயாரிப்பு அங்கே மாறியது. ஆனால் இரு நிறுவனங்களின் உறவு அதற்கும் பல ஆண்டுகள் மூத்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா கிளாசிக் காரில் ஓடியதும் இசுசு இன்ஜின்தான்.

கான்டெஸா 1984-இல் வந்தது. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் காரிலிருந்து எடுத்த பெரிய உடம்பு. உள்ளே ஆம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜின். இழுக்கத் திணறியது. பிறகு 1,817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜின் பொருத்தியதும்தான் அதற்கு உயிர் வந்தது. அமைச்சர்களும் சினிமாக்காரர்களும் விரும்பி வாங்கினார்கள். ஜெயலலிதா 2016 தேர்தலில் தாக்கல் செய்த சொத்துப் பட்டியலிலும் 1990 மாடல் கான்டெஸா ஒன்று இருந்தது.

இன்றைய டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பின் டீசல் இன்ஜின் 1,898 சிசி. அளவில் பெரிய வித்தியாசமில்லை. திறனோ ஏறத்தாழ இரண்டு மடங்கு: கான்டெஸாவுக்குச் சுமார் 88 குதிரைத்திறன், வி-கிராஸுக்கு 163. காரணம் டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் சிறு விசிறி, கூடுதல் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் அனுப்புகிறது. காற்று கூடினால் எரிக்கக்கூடிய டீசலும் கூடும். பாதுகாப்பில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. கான்டெஸாவில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. வி-கிராஸின் உயர்ரக மாடலில் ஆறு ஏர்பேக்.

ஆனால் உட்கார்ந்து பார்த்தால் கதை மாறுகிறது. பிக்கப்பின் பின்புறம் லாரியில் இருப்பதுபோன்ற லீஃப் ஸ்பிரிங்; பாரம் ஏற்றினால்தான் அது படியும். காலியாகப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் தூக்கிப் போடும். புடவை கட்டிய பாட்டி கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் ஊன்றி, பேரன் தாங்கித்தான் ஏற வேண்டும். மழை வந்தால் பின்னால் வைத்த பெட்டிக்குத் தார்ப்பாய் தேட வேண்டும். கான்டெஸாவில் கதவைத் திறந்தால் நேராக சோபா மாதிரி சீட், சாமான் டிக்கிக்குள். 5.3 மீட்டர் நீள பிக்கப்பை சென்னை கொரட்டூர் தெருக்களில் நிறுத்துவதும் தனிப் பாடு. கான்டெஸா அதைவிட அரை மீட்டருக்கு மேல் குட்டை.

பாரம் ஏற்றுகிறவர், மலைப்பாதையில் போகிறவர் பிக்கப் வாங்கலாம். பெரியவர்களோடு ஊருக்குள் ஓட்ட மட்டும் என்றால் அது வேண்டாம். புதிய கார் ஒன்றே போதும். கான்டெஸா மீது ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2002-க்குப் பிறகு அது தயாரிக்கப்படவில்லை. எனவே விற்பனைக்கு வரும் எந்த கான்டெஸாவும் 15 ஆண்டைத் தாண்டியதுதான். ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, தரைத்தகடு துருப்பிடித்திருக்கிறதா, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ப எரிபொருள் ரப்பர் குழாய்கள் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.