சேற்றில் உலவும் மீன்

நீரை நீங்கின் மீன் மாளும் என்பர். தூத்துக்குடிக்குத் தெற்கே, பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலின் அலையாத்திச் சேற்றில் வாழும் தாவுமீனோ, நீர் வற்றியதும் கரையேறி இரை தேடுகின்றது. முன்துடுப்புகளே அதற்குக் கால்கள். ஈரத்தோலும் வாயின் உட்சவ்வும் காற்றிலுள்ள உயிர்வளியை ஈர்க்கின்றன. செவுளறையில் சிறிது நீரும் தேங்கி நிற்கும். தோல் உலர்ந்தால் மூச்சுத் திணறும்; ஆதலின் அடிக்கடி சேற்றில் புரள்கின்றது. முத்துக்குளிப்போர் மூச்சடக்கி நீருள் இறங்கினர்; இவ்வினத்துச் சில மீன்களோ வாய்நிறையக் காற்றை அள்ளிச் சென்று, முட்டையிட்ட சேற்றுவளையில் நிரப்புகின்றன. வல்ல இறைவனின் படைப்பில் வீணானது எதுவுமில்லை. இக்கரையின் பெருமுத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்தது. எஞ்சிய சேற்றையும் பாழ்நிலமென எண்ணி மண்ணிட்டுத் தூர்ப்போமாயின், ஈரமே உயிரான இம்மீன் எங்கே செல்லும்? சிந்திப்போமாக!